சி.எம்.சி. வேலூர்: 1918-க்கு அப்புறம் என்ன நடந்தது?

பாலாற்றங்கரை

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒரு கேள்வி. வேலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, சி.எம்.சி.யைத் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவம் பார்க்க ஆள் கேட்டு வருகிறார்கள், ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றதும் வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அதைப் பார்த்த அந்த மிஷனரி வீட்டுப் பெண் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் திரும்பி வருகிறார். ஒற்றைக் கட்டிலில் வைத்தியம் ஆரம்பம், 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி.

எனக்குக் குழப்பம் இதற்கு அப்புறம்தான். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் 1918-க்கு அடுத்த வரியே "இன்று ஆலமரமாக வளர்ந்து நிற்கிறது" என்று முடிந்துவிடுகிறது. ஒரு சின்ன மிஷன் பள்ளி எப்படி வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் ரயில் ஏறிக் காட்பாடியில் வந்து இறங்குகிற சி.எம்.சி. ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் மாமாவைக் கேட்டால் "எல்லாம் வெளிநாட்டுப் பணம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரிகள் எத்தனையோ இருந்தன, பல இன்றைக்கு இருக்கிற இடம் தெரியவில்லை. அப்படியானால் பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது இல்லையா?

இப்போது கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்துவைத்தார்களே, அதில் ஒன்று நான் இப்போது வேலை பார்க்கிற மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்று இருந்த போர்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று மாறியது. புதுக் கட்டடம், வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள், எல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் இன்னமும் வெளியூருக்குத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். போர்டு மாறுவதற்கும் ஆஸ்பத்திரி உண்மையிலேயே மாறுவதற்கும் நடுவில் என்ன நடக்க வேண்டும்? வேலூரில் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

பழைய பிஜி

நல்ல கேள்வி. நான் அங்கே எம்.டி. படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் தேடுகிற ஆண்டு 1938.

1918-ல் தொடங்கியது பள்ளிதான், கல்லூரி இல்லை. அப்போது எல்.எம்.பி. என்று ஒரு படிப்பு இருந்தது. முடித்தால் வைத்தியம் பார்க்க அனுமதி கிடைக்கும், பட்டம் கிடையாது, பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேலூரில் முதல் செட் பெண்கள் 1922-ல் படித்து முடித்து வெளியே வந்தார்கள். பெண் டாக்டர் என்று ஒருவரைப் பார்ப்பதே அரிதாக இருந்த காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லைதான். 1920-களில் ஊருக்குள் இப்போதைய மெயின் ஆஸ்பத்திரி இருக்கிற இடத்துக்கு வந்தார்கள், அப்புறம் பாகாயத்தில் பள்ளிக்கென்று தனி வளாகம். ஆனாலும் அது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நன்றாக வைத்தியம் பார்க்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, கூடவே ஒரு பள்ளி, அவ்வளவுதான். அப்படியே இருந்திருந்தால் நீங்கள் சொன்ன மற்ற மிஷன் ஆஸ்பத்திரிகளின் கதிதான் அதற்கும் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

1938-ல் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்புக்கு முடிவு கட்டியது. இனி டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ்., அதுவும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் மட்டும். வேலூருக்கு இது கிட்டத்தட்ட மூடுவிழா அறிவிப்பு. இணைப்பு வேண்டும் என்றால் ஒவ்வொரு துறைக்கும் மேற்படிப்பு முடித்த பேராசிரியர்கள் வேண்டும், அதற்கேற்ற ஆய்வகங்கள் வேண்டும், படுக்கைகளை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். ஐடாவுக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் 1941-ல் அமெரிக்கா போய், உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு முதல் கட்ட அனுமதி கிடைத்தது, நிரந்தர இணைப்பு 1950-ல்தான்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. கல்லூரி நிலைக்க வேண்டும் என்றால் ஆண்களையும் சேர்த்தாக வேண்டும், எல்லாக் கிறிஸ்தவச் சபைகளும் சேர்ந்து நடத்துகிற ஒரே நிறுவனமாக ஆக வேண்டும் என்று ஒரு தரப்பு. இன்னொரு பக்கம் லூசி பீபாடி. 1920-களில் ஆசியாவில் பெண்களுக்கான கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்களிடம் பணம் திரட்டிக் கொடுத்தவர், ஐடாவின் நெடுநாள் தோழி. பெண்களுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தை ஆண்கள் படிக்கிற கல்லூரிக்குப் போடுவதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான், இன்றைக்குப் படித்தாலும் அவர் பக்கம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஐடா ஆண்களைச் சேர்க்கிற முடிவின் பக்கம் நின்றார், பீபாடி விலகினார். 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு என் பதில். அந்த இணைப்புக்காகப் பேராசிரியர்களைத் தேடியதுதான் சி.எம்.சி.யை உண்டாக்கியது. பேராசிரியர் என்று ஒருவரைக் கூட்டி வந்தால் அவருக்கு வார்டு வேண்டும், தியேட்டர் வேண்டும், உதவிக்கு ஆள் வேண்டும், அந்த ஆட்களை அவரே பழக்க வேண்டும். அப்படித்தான் துறைகள் உருவாயின. 1944-லிருந்து ராபர்ட் காக்ரேன் முதல்வராக இருந்தார், தொழுநோயில் அன்றைக்கு உலக அளவில் பேர் பெற்றவர். 1946-ல் அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுக்க பால் பிராண்ட் வந்தார். 1948-ல் நெஞ்சு அறுவை சிகிச்சைக்கு ரீவ் பெட்ஸ். 1949-ல் மான்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி வந்து இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதே காலத்தில் ஹில்டா லாசரஸ் முதல்வர் பொறுப்புக்கு வந்தார், அந்தப் பொறுப்பில் முதல் இந்தியர் அவர்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரி அடியோடு மாறிவிட்டது.

பாலாற்றங்கரை

அண்ணா, மிக்க நன்றி. 1938 விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒன்று புரியவில்லை. பாடம் நடத்தத்தானே அவர்கள் வந்தார்கள்? பாடம் நடத்துவதால் நோயாளிக்கு என்ன வந்தது? எங்கள் ஊரில் "கத்துக்குட்டிகள் கையில் கொடுக்கிறார்கள்" என்றுதான் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு.

பழைய பிஜி

தம்பி, இதற்குப் பால் பிராண்ட் கதையைச் சொன்னால் போதும்.

அவர் வந்த கொஞ்ச நாளில் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் என் கையை அழுத்திப் பிடி என்று பிராண்ட் சொன்னாராம். பிடி அவ்வளவு பலமாக இருந்தது. விரல் மடங்கிச் செயலற்றுப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் எங்கிருந்து இவ்வளவு பலம்? அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளங்கையில் இருக்கிற சின்னத் தசைகள்தான் செத்துப்போகின்றன, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கிற பெரிய தசைகள் நன்றாகவே இருக்கின்றன. ஏன் என்று கண்டுபிடிக்க, இறந்துபோன ஒரு தொழுநோயாளியின் உடலை இரவெல்லாம் அறுத்துப் பார்த்தார்கள். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று நரம்பு தோலுக்குக் கிட்டே வருகிற இடங்களில்தான் வீங்கியிருந்தது.

அப்புறம் செய்தது என்னவென்றால், விரலை மடக்குவதற்கு நமக்கு இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன, ஒன்று இருந்தாலே மடக்க முடியும். அதில் ஒன்றை அதன் இடத்திலிருந்து எடுத்து, கைக்குள்ளேயே வேறு வழியாகக் கொண்டுபோய், செத்துப்போன சின்னத் தசை செய்துகொண்டிருந்த வேலைக்குக் கட்டிவிட்டார்கள். 1948-ல் இந்த அறுவை நடந்தது. தொழுநோயாளியின் கையை இப்படி மீட்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது வேலூர்தான். ஆபரேஷனோடு வேலை முடியவில்லை. ஒரு விரலை நினைத்தால் வேறொன்று அசையும், மூளைக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி. அது முடிந்ததும், ஊர் சேர்த்துக்கொள்ளாத இந்த மனிதர்கள் எங்கே போவார்கள்? அதற்காக 1951-ல் பாகாயத்தில் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டுத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். 1955-ல் கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையமும் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த வேலை ஒரு தனி டாக்டரால் முடிகிற வேலை இல்லை. உடற்கூறு தெரிந்தவர், நரம்புத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்பவர், தொழுநோய் தெரிந்தவர், பயிற்சி கொடுப்பவர், பின்னாலேயே நின்று குறிப்பு எடுக்கிற இளைஞர்கள், இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். பாடம் நடத்தும் ஆஸ்பத்திரியில்தான் அப்படி இருப்பார்கள், ஏனென்றால் அத்தனை துறையையும் வைத்திருக்கச் சொல்லிப் பல்கலைக்கழகமே கட்டாயப்படுத்துகிறது. கூடவே மாணவன் என்று ஒருவன் நின்றுகொண்டு "ஏன் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அதற்குப் பதில் தெரியாவிட்டால் தேடித்தான் ஆக வேண்டும்.

அங்கே படித்த மேரி வர்கீஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்தார், பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறையை நடத்தினார், 1966-ல் அதற்கென்று தனி மையமே வந்தது. முதுகெலும்பு முறிந்தால் வாழ்க்கை முடிந்தது என்று இருந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஜி.எச். வாசகன்

எல்லாம் சரி, ஆனால் பேசுகிற பேச்சில் அரசு ஆஸ்பத்திரிகள் எதுவும் செய்யாத மாதிரி ஆகிவிடக் கூடாது. நான் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். எங்கள் ஜி.எச். (சென்னை அரசுப் பொது மருத்துவமனை) 1664-ல் ஜார்ஜ் கோட்டைக்குள் கம்பெனி சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. இப்போதைய இடத்துக்கு வந்தது 1772-ல். மருத்துவப் பள்ளி அங்கே வந்தது 1835-ல். அதாவது 170 வருஷம் பாடம் நடத்தாமல்தான் அந்த ஆஸ்பத்திரி இருந்தது. 1850-ல் பள்ளி கல்லூரி ஆனது, 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. 1875-லேயே பெண்களைச் சேர்த்தார்கள், மேரி ஷார்லீப் அந்தக் குழுவில் ஒருவர். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே ஒரு பெண் மருத்துவம் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் படித்து முடித்தது இங்கேதான். பின்னாளில் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர்தான்.

நண்பர் சொன்ன 1938-ஐப் பற்றியும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அதே 1938-ல்தான் ராயபுரத்தில் இருந்த மருத்துவப் பள்ளி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. ஒரே காற்றில்தான் இரண்டும் மாறின. அங்கே அரசாங்கம் செலவு செய்தது, வேலூரில் ஒரு மூதாட்டி ஊர் ஊராகப் போய்த் திரட்டினார். அந்த வித்தியாசத்தை மதிக்கிறேன்.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது 1986. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதல்முதலில் கண்டுபிடித்தது எப்படி என்று தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன்னிடம் மேற்படிப்பு படித்த ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காக இந்தத் தலைப்பைக் கொடுத்தார். இந்த நோய் இந்தியாவுக்கு வராது, நம் பண்பாடு வேறு என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். அந்த மாணவி சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரி சேகரித்தார். பரிசோதிக்கிற வசதி இருந்தது வேலூர் சி.எம்.சி. வைரஸ் ஆய்வகத்தில், ஜேக்கப் ஜான் கட்டி வளர்த்த ஆய்வகம் அது. மாதிரிகள் அங்கே போயின, சிலவற்றில் எச்.ஐ.வி. இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்த பிறகு சுகாதார அமைச்சராக இருந்த ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாட்டின் பொதுச் சுகாதாரத்தையே புரட்டிப் போட்ட ஒரு கண்டுபிடிப்பு ஒரு பி.ஜி. மாணவியின் ஆய்வேட்டிலிருந்து வந்தது. அரசுக் கல்லூரியும் மிஷன் கல்லூரியும் சேர்ந்து செய்தவை என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். "கத்துக்குட்டிகள்" என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி.

வார்டு சிஸ்டர்

எல்லோரும் டாக்டர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் நர்ஸ்களைப் பற்றிச் சொல்கிறேன். வேலூரில் மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல், ஆனால் நர்ஸ் பயிற்சி 1909-லேயே தொடங்கிவிட்டது. டாக்டரை உருவாக்குவதற்கு ஒன்பது வருஷம் முன்னால் நர்ஸை உருவாக்க ஆரம்பித்தார்கள். இந்த வரிசையை யாரும் கவனிப்பதில்லை. 1946-ல் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் அந்த ஆண்டு இரண்டே இடத்தில்தான் அது தொடங்கியது, ஒன்று டெல்லி, ஒன்று வேலூர். பிராண்ட், பெட்ஸ், சாண்டி எல்லோரும் வந்து பெரிய பெரிய அறுவை செய்ய முடிந்தது என்றால், ஆபரேஷன் முடிந்த ராத்திரியில் அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் படித்த நர்ஸ்கள் இருந்ததால்தான். 1960-களின் ஆரம்பத்தில் திறந்த இதய அறுவை, 1971-ல் நாட்டிலேயே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று எல்லாம் அங்கே நடந்தன. கிட்னி மாற்றிய நோயாளிக்கு மணிக்கு மணி எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்று எழுதுகிற ஆள் தப்பு பண்ணினால் எந்தச் சர்ஜனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் சாதாரண ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்திருக்கிறேன், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் ரவுண்ட்ஸில் தெரியும். காலையில் சீஃப் வருவார், பின்னால் உதவிப் பேராசிரியர், பி.ஜி., ஹவுஸ் சர்ஜன், மாணவர்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் சார்ட்டோடு நிற்பேன். பி.ஜி. நோயாளியின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார், பாதியிலேயே சீஃப் நிறுத்துவார், காய்ச்சல் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று கேட்பார். பி.ஜி. முழிப்பார், நான் இரவு எழுதின அட்டையைக் காட்டுவேன். மாணவன் ஒருவன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவான், சீஃப் அவன் கையைப் பிடித்துக்கொண்டு "முதலில் கையைத் தேய்த்துச் சூடு பண்ணு, அம்மாவிடம் தொடலாமா என்று கேள், அப்புறம் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்து, வலித்தால் முகத்தில் தெரியும்" என்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் அந்த நோயாளியை ஐந்தாறு பேர் யோசித்திருப்பார்கள். தனியாக ஒரு டாக்டர் வேகமாகப் பார்த்துவிட்டுப் போனால் தப்பிவிடுகிற விஷயம் அங்கே தப்பாது. யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். நோயாளிக்கு இதில் கஷ்டமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரே கேள்விக்கு நாலு பேரிடம் பதில் சொல்ல வேண்டும், கூட்டமாக வந்து நின்றால் கூச்சமாக இருக்கும். திரையை இழுத்துவிட்டு, அத்தனை பேரும் வேண்டாம், இரண்டு பேர் மட்டும் இருங்கள் என்று சொல்கிற உரிமை நர்ஸுக்கு இருக்க வேண்டும். நல்ல ஆஸ்பத்திரியில் அது இருக்கும்.

குடியாத்தம் ரோடு

என் மகள் அங்கே எம்.பி.பி.எஸ். படித்தாள், அதனால் பெற்றோர் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

முதல் வருஷமே பிள்ளைகளைக் கிராமத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கேயே தங்கி, வீடு வீடாகப் போய், எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள், கக்கூஸ் இருக்கிறதா, யாருக்கு என்ன நோய் என்று எழுதி வர வேண்டும். என் மகள் முதலில் முகம் சுளித்தாள், வரும்போது அந்த வீட்டுப் பாட்டிகளின் பேரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்தப் பழக்கத்துக்கு வேர் பழையது. ஐடா அம்மா காலத்திலேயே வாரா வாரம் குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்துக்கொண்டு போவார்களாம். முதலில் மாட்டுவண்டி, 1909 வாக்கில் ஒரு பெஷோ கார். எங்கள் தாத்தா தலைமுறையில் அந்தக் காரைப் பார்த்து ஜனங்கள் ஓடினதாகச் சொல்வார்கள். பாகாயத்தில் இருக்கிற சாட் என்கிற சமுதாய நல ஆஸ்பத்திரியும் கே.வி. குப்பத்தில் 1977-ல் வந்த ருசா என்கிற கிராம நல மையமும் அந்த ரோட்டோர வைத்தியத்தின் தொடர்ச்சிதான்.

படித்து முடித்ததும் இரண்டு வருஷம் ஏதாவது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். பெரும்பாலும் வசதி குறைந்த இடம். என் மகள் போன இடத்தில் அறுவை, பிரசவம், பாம்புக்கடி எல்லாமே அவளும் இன்னொரு டாக்டரும்தான். அந்த இரண்டு வருஷத்துக்கு ஆள் எடுப்பதற்காகத்தான் சேர்க்கையை அவர்கள் தனியாக வைத்திருந்தார்கள், மார்க் மட்டும் பார்க்காமல் நாள் கணக்கில் நேர்முகம் வைத்து, குழுவாக வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். நீட் வந்தபோது அதனால்தான் அவ்வளவு போராடினார்கள். 2017-ல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மீதியைக் காலியாக விட்டார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. நீட் சரியா தப்பா என்று இங்கே சண்டை வேண்டாம். ஒரு ஆஸ்பத்திரி யாரைப் படிக்க எடுக்கிறது என்பதை இவ்வளவு தூரம் முக்கியமாக நினைத்தது எனக்குப் பெரிதாகப் பட்டது.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. 1902 ஆஸ்பத்திரியே மன்ஹாட்டன் வங்கியாளர் ஒருவர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது. இன்றைக்கு ஆஸ்பத்திரியை ஓட்டுவது நோயாளிகள் கட்டுகிற பணம். தனி அறையில் இருப்பவர் கட்டுவதில் ஒரு பங்கு ஜெனரல் வார்டில் கட்ட முடியாதவருக்குப் போகிறது.

பாலாற்றங்கரை

அம்மா, ஐயா, அண்ணா எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு இந்த இழையை அப்படியே அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒன்று. எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரி சரியான பாதையில் போகிறதா என்று என்னைப் போல வெளியில் இருப்பவன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? கட்டடத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

ஜி.எச். வாசகன்

மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, பி.ஜி. இடங்கள் வந்துவிட்டனவா? எம்.பி.பி.எஸ். மாணவர்கள் மாலையில் விடுதிக்குப் போய்விடுவார்கள், பி.ஜி.க்கள்தான் ராத்திரி இரண்டு மணிக்கும் வார்டில் இருப்பவர்கள். அவர்கள் வந்த பிறகுதான் இரவு நேர ஆஸ்பத்திரி மாறும். இரண்டு, பேராசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா, இல்லை பழைய கல்லூரியிலிருந்து மாற்றலில் வந்து, எப்போது திரும்பிப் போகலாம் என்று காத்திருக்கிறார்களா? புதுக் கல்லூரிகளில் இதுதான் பெரிய பலவீனம். ஒரு பேராசிரியர் பத்து வருஷம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு துறை உருவாகும், இரண்டு வருஷத்துக்கு ஒருவர் மாறினால் நாற்காலிதான் இருக்கும். இந்த ஒன்றை அரசாங்கம் சரி செய்தால் போதும், மீதி தானாக வரும் என்பது என் உறுதியான எண்ணம், இதற்காக எங்கே வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

மூன்று, பயாப்ஸி (சோதனைக்குத் திசுத் துண்டு) எடுத்தால் அங்கேயே பார்த்துச் சொல்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? நோய்க்குறியியல் துறை நன்றாக இருக்கிற ஆஸ்பத்திரியில் மற்ற துறைகள் தப்பு செய்ய பயப்படும்.

வார்டு சிஸ்டர்

நான்காவதாக என்னுடையது. ஒரு வார்டுக்கு இரவில் எத்தனை நர்ஸ் என்று கேளுங்கள். கல்லூரி ஆனபோது படுக்கை கூடியிருக்கும், நர்ஸ் பணியிடம் கூடியதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் உங்கள் எம்.எல்.ஏ.விடம் மனுவாகவே எழுதிக் கொடுங்கள் தம்பி, கட்டடம் கேட்டு எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நர்ஸ் கேட்டு யாரும் எழுதுவதில்லை.